ஓதாமல் விட்ட பாதி

ஹாஜியார் அவர்களுக்கு,

எனக்குத் தொண்டையில் ஒரு வருத்தமும் இல்லை. புண் என்று நான் சொன்னதை நம்பி இரண்டு கிழமையாகத் தேன் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். நல்ல தேன். இரண்டு போத்தலையும் முகாமில் இருமல் பிடித்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். தொடங்கிய பிறகு, மற்றதையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

புத்தளத்துக்கு அகதிகளாக வந்த எங்களுக்குக் கிடுகு ஓலையால் ஒரு பள்ளிவாசல் கட்டித் தந்தீர்கள். வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கத்தை நான் ஓத வேண்டும், பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வேதத்தின் பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டீர்கள். ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் படித்த ஒருவன் மூன்றாம் வரிசைக் குடிசையில் சும்மா படுத்திருக்க, எழுத்துக்கூட்டி ஓதுகிற ஒருவர் முன்னால் நிற்பது உங்களுக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆகவே நான் ஏன் மறுக்கிறேன் என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவன். வாப்பா சைக்கிள் திருத்துகிறவர். பதினெட்டு வயதில் என்னைத் தெற்கே ஓத அனுப்பினார். படிப்பு முடிந்து எண்பத்தெட்டில் திரும்பியபோது ஊரில் இந்திய இராணுவம் நின்றது. ஆனாலும் தெருச் சனங்கள் கூடி எனக்கு மாலை போட்டார்கள். வேதத்தை ஓதுகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். அதன் பொருளை அறிந்தவன் நான் ஒருவன்தான். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அந்த வயதில் அப்படி ஒரு மாலை கழுத்தில் விழுவது நல்லதல்ல.

கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த உஸ்தாத் அமைதியான மனிதர். எனக்கு அவரைவிட, வெளியே ஒரு வீட்டில் வியாழன்தோறும் கூடுகிற சிலரைப் பிடித்திருந்தது. பொறுமையையும் மன்னிப்பையும் சொல்லும் வசனங்கள் நம்மவர்கள் பலம் இல்லாமல் இருந்த காலத்தில் இறங்கியவை, பலம் வந்த பிறகு இறங்கிய வசனங்கள் அவற்றை நீக்கிவிட்டன என்று அவர்கள் சொல்வார்கள். இதை உஸ்தாதிடம் போய்ச் சொன்னேன். “நீக்கிவிட்டான் என்றால் அவற்றை இன்னும் ஏன் நம்மை ஓத வைத்திருக்கிறான்?” என்று மட்டும் கேட்டார். அவரைக் கோழை என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெருச் சனங்களோ அந்த உஸ்தாதின் பக்கம். வேதம் அவர்களுக்குக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் ஓதுகிற ஒன்று, கடை திறக்கும்போதும் மையித்துக் கிடக்கும் சாவு வீட்டிலும் ஓதுகிற ஒன்று. இரண்டு சகோதரர்கள் மதிலுக்காக அடிபட்டால் யாராவது ஒரு பெரியவர், “அல்லாஹ்வே மன்னிக்கிறான், நீ ஆரடா மன்னிக்காமல் விட?” என்பார். எந்த வசனத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஆனாலும் சண்டை அதோடு முடிந்துவிடும். இது அறியாமை என்றும், இதைத் திருத்துவது என் கடமை என்றும் நான் நம்பினேன்.

தொண்ணூறு பங்குனியில் இந்தியர்கள் போனார்கள். ஊர் இயக்கத்தின் கைக்கு வந்தது. ஆனியில் அரச படைகளோடு மறுபடியும் சண்டை தொடங்கியது. ஆவணி தொடக்கத்தில், கிழக்கே பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் இயக்கம் சுட்டுக் கொன்ற செய்தி வந்தது. உங்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கிழமை நான் ஒரு குத்பா எழுதினேன். பழிக்குப் பழி என்ற வசனங்களை எல்லாம் அதில் சேர்த்திருந்தேன். பள்ளி நிருவாகிகள் அதை வாங்கி வாசித்துவிட்டு என் முன்னாலேயே கிழித்தார்கள். “மௌலவி, நாங்கள் அவங்கடை வாய்க்குள்ளை இருக்கிறம். பொறுமையைப் பற்றி ஓதுங்கோ” என்றார்கள். பொறுமையைப் பற்றி ஓதினேன். மேடையை விட்டு இறங்கி, யாருக்கும் முகம் கொடுக்காமல் வீட்டுக்குப் போனேன். அது கோபம் என்று அப்போது நினைத்தேன்.

சேகு மதாருக்கு அப்போது அறுபது வயதிருக்கும். தையல்காரர். நகரத்தில் பெரியகடைப் பகுதியில் அவருக்கு ஒரு சின்னக் கடை. கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் அந்தப் பக்கத்துக் கடைகளெல்லாம் பூட்டப்பட்டன. தையல் மிசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் போட்டிருந்தார். மனைவி பாரிசவாதத்தில் இரண்டு வருடமாகப் படுக்கை. பேச்சும் இல்லை. ஒரே மகன் நெய்னா.

பக்கத்து வளவில் குத்தூஸ். லொறிச் சாரதி, முப்பது வயது. சுன்னாகத்திலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றுகிறவன். சண்டை தொடங்கிய பிறகு பாதையும் இல்லை, டீசலும் இல்லை. லொறி மாமரத்தின் கீழ் நின்றது. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன், சேகு மதார் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், அவரை மாமா என்று கூப்பிடுகிறவன். மனைவி சுலைகா. இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில், எட்டு மாதம்.

விமானங்கள் குண்டு போடத் தொடங்கியதால் எல்லா வளவுகளிலும் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டினார்கள். இந்த இரண்டு வீட்டாரும் வேலியோரத்தில் இருவருக்கும் பொதுவாக ஒன்று வெட்டினார்கள். ஒரு வாசல்தான் வைக்கலாம். உம்மாவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும், வாசல் எங்கள் பக்கம் இருக்கட்டும் என்றான் நெய்னா. சுலைகாவால் ஓட முடியாது, எங்கள் பக்கம் இருக்கட்டும் என்றான் குத்தூஸ். இரண்டு நாள் இப்படிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை நெய்னா பனங்குற்றிகளை இழுத்து மற்றப் பக்கத்தை மூடத் தொடங்கினான். வாய் தடித்தது. நெய்னா சுலைகாவைப் பற்றி ஒரு சொல் சொன்னான். குத்தூஸின் கையில் மண் தோண்டிய அலவாங்கு இருந்தது. ஒரே அடி.

அடித்தவனே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய வீதிக்கு ஓடினான். ஒரு உழவு இயந்திரத்தை மறித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான். போகும் வழியிலேயே நெய்னாவின் உயிர் போய்விட்டது. குத்தூஸ் இரத்தம் பட்ட அந்தச் சேட்டோடேயே நடந்து சந்தியில் இருந்த இயக்கத்தின் காவலரணுக்குப் போய், “நான்தான் அடிச்சனான்” என்று சொல்லிவிட்டு நிலத்தில் இருந்துகொண்டான்.

நெய்னாவை அடக்கி மூன்றாம் நாள் இயக்கத்தின் பொறுப்பாளர் சேகு மதாரின் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இரண்டு வயது குறைந்தவராக இருப்பார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“ஐயா, இது உங்கடை ஆக்களுக்குள்ளை நடந்தது” என்றார். “அவன் ஒண்டையும் மறைக்கேல்லை. உங்கடை மார்க்கத்திலை என்ன சொல்லியிருக்கோ அதைக் கேட்டுச் சொல்லுங்கோ. நீங்கள் மன்னிக்கிறீங்கள் எண்டால் ரெண்டு வருசம் எங்கடை வேலைக்கு வைச்சிருந்திட்டு விடுவம். இல்லையெண்டால் சுடுறதுதான். மூண்டு நாளிலை சொல்லுங்கோ.”

அடுத்த நாள் அசர் தொழுகை முடிந்ததும் சேகு மதார் என்னிடம் வந்தார். கைகால் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தோம். அவருடைய விரல்களில் ஊசி குத்திய பழைய தழும்புகள். அவற்றையே பார்த்துக்கொண்டு கதைத்தார்.

“மௌலவி, எனக்கு ஓதத் தெரியும். பொருள் தெரியாது. நீங்கள் படிச்சனீங்கள். குத்தூசைக் கொல்லுங்கோ எண்டு என்ரை வாயாலை சொல்ல எனக்கு ஏலாமல் கிடக்கு. அவனும் நெய்னாவும் ஒரு பாயிலை படுத்து எழும்பினவங்கள். மன்னிச்சுவிட்டால், நாளைக்கு மறுமையிலை என்ரை பிள்ளை வந்து, ‘என்ரை ரத்தத்தை ஏன் வாப்பா விட்டுக்குடுத்தனீங்கள்’ எண்டு கேப்பான். அதுக்கு நான் என்ன சொல்லுறது? அல்லாஹ் என்ன சொல்லியிருக்கிறான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதின்படி செய்யிறன்.”

அவர் எதற்காக வந்தார் என்பது எனக்கு விளங்கியது. மன்னிக்கலாம் என்று ஒரு சொல் கேட்க வந்திருந்தார். அந்தச் சொல் கிடைத்திருந்தால் என் கையைப் பிடித்து அழுதிருப்பார்.

கொலைக்குப் பழி விதிக்கப்பட்டிருக்கிறது என்று தொடங்கும் வசனத்தை நீங்களும் அறிவீர்கள். நீளமான வசனம். அதன் நடுவில் ஓரிடத்தில், எழுத்துக்கு மேலே ஒரு சிறிய குறி உண்டு. ஓதுகிறவர் விரும்பினால் அங்கே மூச்சு விடலாம் என்பது அதன் பொருள். நான் அந்த இடம் வரை ஓதினேன். நல்ல குரலில், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, முறையாக ஓதினேன். மூச்சு விட்டேன். அதுவரைக்குமான பொருளைத் தமிழில் சொன்னேன். உயிருக்கு உயிர் என்பதுதான் அது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நிறுத்தலாம் என்று குறி போட்ட இடத்தில்தான் நிறுத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போனார்.

இப்படித்தான் நெடுநாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது முழுதும் சரியல்ல. அவர் உடனே எழும்பவில்லை. ஓதல் நின்ற இடத்தில் குரல் இறங்கவில்லை என்பதை அவர் காது கவனித்திருந்தது. ஐம்பது வருடமாக அதை ஓதிவருகிறவர், பொருள் தெரியாவிட்டாலும் வசனம் அங்கே முடியவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

“பிறகு? அதிலை இன்னும் வருதெல்லோ, மௌலவி?” என்று கேட்டார்.

“அது வேறை விசயம். இதுக்கு அவ்வளவுதான்” என்றேன்.

விட்ட பாதியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மன்னிக்கப்பட்டவனைப் பற்றியும் அவன் அதற்குப் பதிலாக எப்படி நன்றாக நடக்க வேண்டும் என்பது பற்றியும் அதில் வருகிறது. இது உங்கள் இறைவன் தந்த இலேசு, அவனுடைய இரக்கம் என்று வருகிறது. அந்த வசனம் கொன்றவனைப் பற்றிப் பேசும்போது, பழி கேட்க உரிமையுள்ளவனை அவனுடைய சகோதரன் என்றே சொல்கிறது. அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால் நான் நிறுத்தியிருந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். குத்தூஸோடு எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒருமுறை என் வாப்பாவை இலவசமாகக் கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு போனவன். எங்கள் மண்ணில், எங்கள் சட்டம் ஒருமுறையாவது நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். கிழக்கில் சுட்டவர்களை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களைப் பற்றிப் பள்ளியில் ஒரு சொல் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. குத்தூஸ் கைக்கு எட்டும் தூரத்தில், கைகள் கட்டப்பட்டு இருந்தான். அவனை வைத்து வேதத்தின் கண்டிப்பை ஊருக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். அப்போது இதை இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். மார்க்கத்துக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் சுலைகா வந்து சேகு மதாரின் வாசற்படியில் இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை இருந்தாள். எதுவும் கேட்கவில்லை. அவர் வெளியே வரவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து, “பிள்ளை, வீட்டை போ. என்ரை கையிலை ஒண்டும் இல்லை. அல்லாஹ்வின்ரை சட்டமாம்” என்றார். சட்டம் என்று சொல்லவில்லை. சட்டமாம் என்றார். நான் தெருவில் நின்று அதைக் கேட்டேன்.

பொறுப்பாளரிடமும் அப்படித்தான் சொன்னார். “உயிருக்கு உயிர் எண்டு வேதத்திலை கிடக்காம், தம்பி. நான் வேறை என்ன சொல்ல?”

பொறுப்பாளர் என் பக்கம் திரும்பினார். “அப்பிடித்தானோ, மௌலவி? மன்னிப்பு எண்டு ஒண்டும் இல்லையோ?”

“இந்த விசயத்திலை இல்லை” என்றேன்.

இடுப்பில் துவக்குக் கட்டியிருந்த அந்த இளைஞர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அவர் வேறு பதிலை எதிர்பார்த்தார் என்று எனக்குப் பட்டது. “சரி. ஐயா கடைசி நேரத்திலை மனம் மாறினாலும் எனக்குச் சொல்லிவிடுங்கோ. நிப்பாட்டுறன்” என்றார். இதை எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். அப்போதே சேகு மதார் முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழத் தொடங்கியிருந்தார். அது அவருடைய காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலை ஏழு மணிக்குக் எங்கள் ஊருக்குக் கிழக்கே கொழும்புத்துறைப் பக்கம் கடலோரத்து வெளி ஒன்றில் குத்தூசைச் சுட்டார்கள். உறவினர் யாரையும் விடவில்லை. கலிமா சொல்லிக்கொடுக்க நான் மட்டும் போனேன். மையித்தை எங்களிடம் தந்தார்கள். முறைப்படி குளிப்பாட்டி அடக்கினோம்.

அந்த வெள்ளிக்கிழமை நீதியைப் பற்றி ஓதினேன். என் குரல் உறுதியாக இருந்தது. யாரும் என் தாளைக் கிழிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பின்னேர வகுப்புக்கு வழக்கமாகப் பதினொரு பேர் வருவார்கள். அன்று நாலு பேர் வந்தார்கள். அடுத்த கிழமை இரண்டு பேர். ஏன் வரவில்லை என்று மற்றவர்களைக் கேட்டேன். ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி. எல்லாரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள்.

புரட்டாதியில் சுலைகாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்கு நெய்னா என்று பெயர் வைக்கலாமோ என்று சேகு மதார் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாராம். சுலைகா ஓம் என்றாளாம். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது. நான் முடித்துவைத்த ஒன்றை இவர்கள் மறுபடியும் அவிழ்க்கிறார்கள் என்று தோன்றியது.

ஐப்பசி நடுப்பகுதியில் ஒருநாள் பின்னேரம் சேகு மதார் என் வீட்டுக்கு வந்தார். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு புத்தகம் கையில் இருந்தது. இருக்கச் சொன்னேன். இருந்தார். தேநீர் வேண்டாம் என்றார்.

“ஜெபரட்ணம் மாஸ்டரைத் தெரியும்தானே” என்று தொடங்கினார். மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற கிறிஸ்தவர், அவருடைய பழைய வாடிக்கைக்காரர். “ஆள் மெலிஞ்சு போனார். காற்சட்டைகளை இடுப்பிலை சிறுப்பிக்கக் கொண்டு வந்தவர். நெய்னாவை விசாரிச்சார். நடந்ததைச் சொன்னன். வேதத்திலை அப்பிடிக் கிடந்தபடியால்தான் நான் ஒண்டும் செய்யேலாமல் போச்சு எண்டன். மனுசன் கதிரையை இழுத்து எனக்குக் கிட்ட வந்து இருந்தார். ‘சேகு மதார், உங்கடை வேதத்தை நான் தமிழிலை வாசிச்சனான். அந்த இடத்திலை மன்னிப்பும் கிடக்கே’ எண்டார். நான் இல்லையெண்டு அவரோடை வாதாடினன், மௌலவி. எங்கடை மௌலவி படிச்சவர், அவர் பிழையாச் சொல்லமாட்டார் எண்டு வாதாடினன். அவர் அடுத்த நாள் சைக்கிளிலை வந்து இந்தப் புத்தகத்தைத் தந்திட்டுப் போனார்.”

தாளைப் பிரித்தார். அடையாளத்துக்குத் துணி வெட்டு ஒன்று வைத்திருந்தார். விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக்கூட்டி அந்த வசனத்தை முழுவதும் வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“சகோதரன் எண்டு கிடக்கு, மௌலவி.”

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பலம் இல்லாத காலம், பலம் வந்த காலம், முன்னால் இறங்கியது, பின்னால் இறங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரலை அந்தச் சொல்லிலேயே வைத்திருந்தார். நான் சொன்ன விளக்கம் இந்த வசனத்துக்குப் பொருந்தாது. இரண்டு பாதியும் ஒரே மூச்சில் இறங்கிய ஒரே வசனம். அது எனக்கு அப்போதும் தெரியும்.

“உதெல்லாம் எனக்கு விளங்கேல்லை” என்றார். “ஒண்டு கேக்கிறன். மறந்துபோய் விட்டனீங்களோ, வேணுமெண்டு விட்டனீங்களோ?”

“அவசரத்திலை விடுபட்டுப் போச்சுது” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். துணி அளவெடுக்கிறவர்கள் பார்ப்பது போல மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

“சரி. எனக்குச் செய்த பிழையை நான் மன்னிச்சிட்டன். மன்னிக்கலாம் எண்டு இப்ப தெரியும், அதாலை மன்னிக்கிறன். சுலைகாவின்ரை பங்கு என்னட்டை இல்லை. அதை நீங்கள் அவளிட்டைத்தான் போய்க் கேக்கவேணும்.”

எழும்பி வாசல்வரை போனவர் திரும்பினார். “அண்டைக்குக் காலமை நான் சொல்லிவிட்டதைக் குத்தூசிட்டைச் சொன்னனீங்கள்தானே?”

இதைப் பற்றி உங்களுக்கு இன்னும் எழுதவில்லை. எழுதுகிறேன்.

“ஓம், சொன்னனான்” என்றேன்.

“என்ன சொன்னவன்?”

“அழுதவன். மாமாவுக்கு ஸலாம் சொல்லச் சொன்னவன்.”

சேகு மதார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “அல்ஹம்துலில்லாஹ், அது போதும்” என்றார். இரண்டு மூன்று முறை சொன்னார். பிறகு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவால் நடந்து போனார்.

அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு ஊர் முஸ்லிம்கள் எல்லாரையும் மைதானத்துக்கு வரச்சொல்லி இயக்கத்தார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகவேண்டும் என்றார்கள். அதன் பிறகு நடந்ததை எங்கள் வாயால் நீங்கள் நூறு தடவை கேட்டுவிட்டீர்கள். பழைய பொறுப்பாளரும் அங்கே நின்றார். நாங்கள் என்ன செய்தோம் என்று ஒருவர் அவரிடம் கேட்டார். அவர் எங்கள் முகங்களைப் பார்க்காமல், “மேலிடத்து முடிவு. அவ்வளவுதான்” என்றார். அந்த ‘அவ்வளவுதான்’ என்பதை எங்கே கேட்டேன் என்று நடக்கும்போது யோசித்தேன். அது என் வாயிலிருந்து வந்தது என்பது நினைவுக்கு வர அதிக தூரம் ஆகவில்லை.

சேகு மதாரின் மனைவி வழியிலேயே மௌத்தாகிவிட்டார். சேகு மதார் இங்கே வந்து ஐந்தாம் மாதம் காய்ச்சலில் போனார். கடைசி நாட்களில் சுலைகாதான் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் என்ன செய்தேன் என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவன் நான் என்று விட்டுவிட்டார்.

இந்த முகாமுக்கு வருகிறவர்கள் எங்களைப் பார்த்து இரங்குகிறார்கள். அநியாயமாகத் துரத்தப்பட்டவர்கள் என்கிறார்கள். உண்மைதான். எங்கள் எல்லாருக்கும் நடந்தது பெரிய அநியாயம். நான் அந்த அநியாயத்துக்குள் புகுந்து ஒளிந்துகொண்டேன். துரத்தப்பட்டவனிடம் யாரும் பழைய கணக்குக் கேட்கமாட்டார்கள் என்பது எனக்கு வசதியாக இருந்தது.

சுலைகா ஆறாம் வரிசையில் இருக்கிறாள். நோன்புக் காலத்தில் எனக்குக் கஞ்சி அனுப்புகிறாள். “என்ரை மனுசனுக்குக் கடைசியாக் கலிமா சொல்லிக் குடுத்த மௌலவி” என்று மற்றப் பெண்களிடம் சொல்கிறாளாம். கணவனைக் கொன்றது அல்லாஹ்வின் சட்டம் என்று நம்புகிறாள், அதில் ஆறுதலும் தேடிக்கொண்டாள். போன மாதம் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, “பொருளோடை ஓதப் பழக்குங்கோ, மௌலவி. எங்களுக்குத்தான் ஒண்டும் தெரியாமல் போச்சு” என்றாள். நீங்களும் அதே கிழமையில்தான் வகுப்புத் தொடங்கச் சொன்னீர்கள். அன்றிலிருந்துதான் எனக்குத் தொண்டைப் புண்.

அவளிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்வேன் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளிடம் போகாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

இனி மிச்சத்தை எழுதுகிறேன்.

குத்தூசைச் சுட்ட அன்று காலை, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது எங்கள் ஒழுங்கை திரும்பும் முடக்கில் சேகு மதார் நின்றார். இரவு முழுக்கத் தூங்காத முகம். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தார். “என்னை அங்கை விடமாட்டினமாம். நீங்கள் அவனிட்டைச் சொல்லுங்கோ. என்ரை மனசிலை அவன்மேலை ஒண்டும் இல்லை. நான் அவனை மன்னிச்சிட்டன், சட்டம் விடேல்லை எண்டுதான் வாய் துறக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. அவனும் என்னை மன்னிக்கட்டும்” என்றார். சொல்கிறேன் என்றேன்.

கொழும்புத்துறைக்கு மூன்று மைல் இருக்கும். வழி நெடுக யோசித்துக்கொண்டு போனேன். தகப்பன் மன்னித்துவிட்டான் என்று பொறுப்பாளருடைய காதில் விழும்படி நான் சொன்னால் போதும், அவர் நிறுத்திவிடுவார். நிறுத்தினால், பிறகு என்னைக் கேட்பார். மன்னிப்பு இல்லை என்றீரே, இப்போது எப்படி வந்தது என்று கேட்பார். ஊரும் கேட்கும். நான் பாதியில் நிறுத்தியது வெளியே வரும். இதைத்தான் யோசித்தேன். மார்க்கத்தையோ சட்டத்தையோ அந்த மூன்று மைலில் ஒருதரமும் யோசிக்கவில்லை.

குத்தூசை ஒரு வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தாடி வளர்ந்திருந்தது. பொறுப்பாளர் எங்களுக்குப் பத்து நிமிடம் தந்துவிட்டு, இருபதடி தள்ளிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். குத்தூஸ் தண்ணீர் கேட்டான். போத்தலைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். பிள்ளைகளை விசாரித்தான். சுகமாக இருக்கிறார்கள் என்றேன்.

“மௌலவி, மாமா ஏதும் சொல்லிவிட்டவரோ?” என்று கேட்டான்.

“இல்லை” என்றேன்.

“ஒண்டுமே சொல்லேல்லையோ?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கலிமாவைச் சொல்லிக்கொடுத்தேன். அவன் ஒரு சொல்லும் விடாமல் முழுதாகச் சொன்னான்.